தோட்டாக்கள் வைக்க மர அலமாரி: 70 கிலோ எடையைத் தாங்க எப்படிச் செய்வது?

கெடிலக்கரை (வண்டிப்பாளையம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மகளும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள். நான் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியில், வானில் எறியும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் சுட்டு வருகிறேன். மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்கி, இப்போது 0.22 அங்குல ரைபிளுக்கும் வந்துவிட்டாள். இருவருக்கும் தனித்தனி உரிமம் உண்டு, வாங்குவதும் வைத்திருப்பதும் அந்த உரிமங்களில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு உட்பட்டுத்தான். என் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று, மரவேலையைப் பற்றியது.

இதுவரை தோட்டாக்களை ஒரு பழைய இரும்பு பீரோவில் வைத்திருந்தோம். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று எங்கள் வீடு வரை வருவதால், ஏழெட்டு ஆண்டுகளில் அதன் அடித்தகடு உப்பரித்துத் துளை விழுந்துவிட்டது. நடுத்தட்டோ பாரம் தாங்காமல் தொட்டில்போல வளைந்து, உள்ளே இருந்த பெட்டிகள் எல்லாம் நடுவை நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. சென்ற வாரம் சமையலறைத் தராசில் வைத்து எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். 24 கிராம் ஈயம் நிரப்பிய பன்னிரண்டு போர் தோட்டா 250 கொண்ட பெட்டி ஒன்று ஏறக்குறைய 10 கிலோ இருக்கிறது, அப்படி ஆறு பெட்டிகள். 0.22 தோட்டாக்கள் சுமார் 7 கிலோ. ஏர் ரைபிள் பெல்லட் (ஈயச் சிறுகுண்டு) டப்பாக்கள் இருபதும் சேர்ந்து 6 கிலோ. ஆக மொத்தம் 73 கிலோ, அதுவும் ஒரு சிறிய இடத்துக்குள் குவிந்த எடை.

எனவே 3 அடி அகலம், 4 அடி உயரம், 10 அங்குல ஆழத்தில் மரத்தாலேயே ஓர் அலமாரி செய்துவிடலாம் என்று எண்ணுகிறேன். என் மாமனாரின் தோப்பு பண்ருட்டிக்கு அருகில் உள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அங்கே விழுந்த பலா மரங்களில் இரண்டை அறுத்துப் பலகைகளாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்றேகால் அங்குலக் கனமும் பத்தங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்ட ஏழடிப் பலகைகள் எட்டு, இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆனால் எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆசாரி, "பலாவெல்லாம் எதற்கு, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்றடித் தட்டு போட்டால் யானையே ஏறி நிற்கலாம்" என்கிறார். அவர் சொல்வதை ஏற்பதா, பலாவையே பயன்படுத்துவதா என்பது முதல் கேள்வி. தட்டுகளை எப்படிப் பொருத்தினால் மீண்டும் தொய்வு வராது என்பது இரண்டாவது. அலமாரியை வைக்க நினைக்கும் இடம் கொல்லைப்புற அறை. அதன் சுவருக்கு அப்பால் மாட்டுக் கொட்டகை இருக்கிறது, மற்றபடி அந்த அறையில் யாரும் புழங்குவதில்லை. பெஞ்சல் புயல் மழையின்போது அந்த அறைக்குள் நான்கு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூர் இழைப்புளி (புதுச்சேரி):

வணக்கம் ஐயா. எடையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அலமாரி கேட்டு வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அகலத்தையும் நிறத்தையும் சொல்வார்களே தவிர, உள்ளே எவ்வளவு பாரம் ஏறப்போகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ஆசாரி சொல்வதில் பாதி உண்மை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் உடையாது, ஆனால் வளையும். மூன்றடி நீளமும் ஓரடி ஆழமும் உள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டை இரு முனைகளில் மட்டும் தாங்கவைத்து, 60 கிலோவைச் சீராகப் பரப்பினால், நடுவில் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் இறங்கும். நம் கணக்கில் ஒன்றே முக்கால் நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). உங்கள் ஆழம் பத்தங்குலம் என்பதால் இன்னும் சற்றுக் கூடவே இறங்கும். அதுவும் முதல் நாள் கணக்குதான். நிலையான பாரத்தின் கீழ் மரம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், சில ஆண்டுகளில் தொய்வு இரட்டிப்பாவது சாதாரணம். பிளைவுட்டுக்குப் பதிலாகப் பார்ட்டிகிள் போர்டு போட்டீர்களானால் முதல் நாளிலேயே இதைப்போல் மூன்று மடங்கு வளையும், ஆகையால் அதை மறந்துவிடுங்கள்.

இதற்கு மருந்து பலகையைத் தடிமனாக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தடிமன் உதவும், மறுக்கவில்லை. 18 மில்லிமீட்டரை 25 ஆக்கினால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். முன்விளிம்பில் ஒரு அங்குலக் கனமுள்ள இரண்டங்குல ரீப்பரை (மரச்சட்டத்தை) நெடுக்காக நிறுத்தி ஒட்டினால், அந்த ரீப்பர் மட்டுமே அந்தப் பலகையைவிட அதிக விறைப்பைத் தரும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் நீளத்தைக் குறைப்பதில் இருக்கிறது. அலமாரியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு நிலைப்பலகை நிறுத்தி, மூன்றடித் தட்டை ஒன்றரை அடித் தட்டுகள் இரண்டாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொரு தட்டிலும் பாதிப் பாரம்தான் ஏறும், தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையிலான தூரமும் பாதிதான். இரண்டும் சேர்ந்து தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். முன்னர் ஐந்தரை மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் இப்போது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், புதுச்சேரியில் ஒரு வழக்கறிஞருக்குச் சட்டப் புத்தக அலமாரி செய்து கொடுத்தேன். நடு நிலைப்பலகை வைத்தேன், தட்டுகளும் அசையவில்லை, பெருமையாகக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். எட்டு மாதம் கழித்துக் கீழ்க்கதவு திறக்கவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், தட்டுகள் எல்லாம் நேராக இருக்கின்றன, அடிப்பலகைதான் நடுவில் இரண்டு நூல் இறங்கிக் கதவின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து தட்டின் பாரத்தில் பாதியை அந்த நடுப்பலகை ஒழுங்காகக் கீழே கொண்டுவந்து, நான்கு மூலைகளில் மட்டும் கால் வைத்திருந்த அடிப்பலகையின் நடு வயிற்றில் இறக்கி வைத்திருந்தது. நடுவில் கால் வைக்க நான் மறந்துபோனேன். ஆகவே, பக்கப்பலகைகளின் கீழ் எப்படிக் கால் இருக்கிறதோ, அதேபோல் நடு நிலைப்பலகைக்கு நேர்கீழே முன்னும் பின்னும் கால் இருக்க வேண்டும். மேல்தட்டில் வைத்த ஒரு டப்பாவின் எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே வந்து பாருங்கள், அந்த வழியில் எங்கும் வெற்றிடம் இருக்கக் கூடாது.

தட்டுகளைத் திருகாணியின்மேல் தொங்கவிட வேண்டாம். பக்கப்பலகையிலும் நடுப்பலகையிலும் மூன்று நூல் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, தட்டின் முனை அந்தக் காடிக்குள் இறுக்கமாக உட்காரும்படி செய்யுங்கள். அப்போது பாரத்தை மரமே மரத்துக்குக் கொடுக்கும், பசையும் திருகாணியும் அது விலகாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்யும். நடுப்பலகையின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் காடி எடுத்தால் அங்கே பலகை மெலிந்துவிடும். உங்களிடம் ஒன்றேகால் அங்குலம் இருப்பதால், இழைத்த பிறகும் ஒரு அங்குலத்துக்குமேல் நிற்கும். இருந்தாலும் இடப்பக்கத் தட்டையும் வலப்பக்கத் தட்டையும் ஓர் அங்குலம் ஏற்றி இறக்கி வைத்துவிடுங்கள். பார்ப்பதற்குச் சற்று ஒழுங்கற்றிருக்கும், ஆனால் பலமாக இருக்கும். திருகாணிகள் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ஆகவே இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகாணி உங்கள் ஊர்க் காற்றில் மூன்று மழைக்காலத்துக்குமேல் நிற்காது.

மரத்தைப் பற்றிச் சொன்னால், கையில் வைரம் பாய்ந்த பலா இருக்கும்போது பிளைவுட் வாங்குவது வீண் செலவு. பின்பலகைக்கு மட்டும் 12 மில்லிமீட்டர் கடல்தர பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதை, வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அந்தப் பின்பலகைதான், ஆகவே அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரும்புப் பெட்டி:

இவ்வளவு பாடுபடுவானேன்? தோட்டா வைக்கும் இடத்துக்கு மரம் ஆகாது. ஒரு நெம்புகோலும் ஐந்து நிமிடமும் இருந்தால் எந்த மரக் கதவையும் திறந்துவிடலாம். புதிதாக ஒரு கனத்த இரும்புப் பெட்டகம் வாங்கி, துரு பிடிக்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடியுங்கள். உரிமம் கொடுத்தவர்கள் சோதனைக்கு வந்தாலும் அதைத்தான் விரும்புவார்கள்.

பழைய கவாத்து (புதுச்சேரி):

நண்பர் இரும்புப் பெட்டி சொல்வதில் பாதுகாப்பைப் பற்றிய பகுதியை நானும் ஏற்கிறேன், மரமே ஆகாது என்பதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் தோட்டாக் கிடங்குப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடம். கேள்வி கேட்டவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன மாட்டுக் கொட்டகைதான் இந்தத் திட்டத்திலேயே பெரிய ஆபத்து. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தன. மழை முடிந்து எடுத்துப் பார்க்கையில், தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் கழுத்துப் பகுதியில் கீறல் விட்டு வெடித்திருந்தன. யாரும் தட்டவில்லை, யாரும் சுடவில்லை. பருவத்துக்குப் பருவம் வந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, இழுத்து உருவாக்கப்பட்ட பித்தளைக்குள் ஏற்கெனவே இருக்கும் இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிளக்கிறது என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரைக்கு உள்ளது மாட்டுக்கும் உண்டு. உங்கள் மகளின் 0.22 தோட்டாக்களின் கூடு பித்தளைதான். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் எவ்வளவு நல்ல அலமாரி செய்து வைத்தாலும் பயனில்லை, வேறு அறை பாருங்கள். அதே காரணத்துக்காகக் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவங்களையும் அந்த அலமாரிக்குள்ளோ அருகிலோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஈயம். பெல்லட் டப்பாவைத் திறந்தால் மேலே வெண்ணிறத்தில் மாவு பூத்ததுபோல் சில நேரம் இருக்கும். அது தூசி அன்று, ஈயம் அரித்து உண்டான உப்பு. அசிட்டிக் அமில ஆவி, அதாவது வினிகர் வாடைக்குக் காரணமான அதே பொருள், ஈயத்துக்குப் பரம எதிரி. மரங்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இந்த ஆவியை விடும். ஓக் மரம் இதில் பெயர்போனது, எம்.டி.எஃப். போன்ற பலகைகளும் அப்படித்தான். பச்சை மரம் கூடுதலாக விடும், காய்ந்த மரம் குறைவாக விடும், ஆகவே உங்கள் பலா பதினான்கு ஆண்டு காய்ந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் உள்பக்கம் எண்ணெய்ப் பெயின்ட் அடிக்காதீர்கள், அது உலரும்போது தானும் அமில ஆவி விடும். சந்துகளை அடைக்க வினிகர் வாடை வரும் சிலிக்கோனைப் பயன்படுத்துவதும் அதே தவறு. அரக்கு மெருகு போட்டு, ஒரு மாதமாவது கதவைத் திறந்தே வைத்து, மூக்கை உள்ளே விட்டால் எந்த வாடையும் வராத பிறகு டப்பாக்களை அடுக்குங்கள். அந்த வெள்ளை மாவு உடம்புக்குக் கேடு என்பதால் அதை வாயால் ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, தீ. இதில்தான் மரத்துக்குச் சாதகமான ஒரு செய்தி உள்ளது. துப்பாக்கியின் குழலுக்குள் இல்லாத தோட்டா தீயில் வெந்தால், கூடு கிழிந்து துண்டுகள் சிறிது தூரம் தெறிக்குமே தவிர, குழலிலிருந்து புறப்படும் வேகத்தில் குண்டு பாயாது. ஆனால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் இறுக மூடிய கனத்த இரும்புப் பெட்டிக்குள் அது நடந்தால், பெட்டியே பிரச்சினையாகிவிடும். அமெரிக்காவின் தீத்தடுப்பு விதிகளில், வீட்டில் 20 பவுண்டுக்குமேல் 50 பவுண்டு வரை புகையில்லா வெடிமருந்து வைத்திருப்பவர், ஓர் அங்குலக் கனமுள்ள சுவர்களைக் கொண்ட மரப்பெட்டியில்தான் அதை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. மரம் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், அழுத்தம் ஏறினால் விட்டுக்கொடுத்துவிடும் என்பதே காரணம். தனி வெடிமருந்தை வீட்டில் வைக்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. மரத்தை ஏன் சிலர் விரும்புகிறார்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன். கடற்கரை ஊர்களில் ஈரம் போக்குவதற்காக அலமாரிக்குள் ஒரு சிறு பல்பை எரியவிடும் பழக்கம் உண்டு, துணி அலமாரிக்கு அது சரி, இதற்கு வேண்டவே வேண்டாம். சிலிக்கா ஜெல் பைகளைத் தொங்கவிட்டு, நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது நண்பர் சொன்ன பாதுகாப்பு. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பூட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். வில்லியனூர் நண்பர் பாரத்துக்காகச் சொன்ன நடு நிலைப்பலகை, இங்கே இன்னொரு வேலையையும் செய்யும். தந்தைக்கும் மகளுக்கும் தனித்தனி உரிமம் என்றால் தோட்டாக்களும் தனித்தனியாகத்தான் கணக்கில் வர வேண்டும். இடப்பக்கம் ஒருவருக்கு, வலப்பக்கம் ஒருவருக்கு, இரண்டு கதவு, இரண்டு பூட்டு, இரண்டு சாவி என்று வைத்துவிட்டால் யாராவது வந்து எண்ணிப் பார்க்கக் கேட்டாலும் குழப்பம் வராது. மரத்தை அறுப்பதற்கு முன், உங்கள் உரிமத்தில் பாதுகாப்பு குறித்து எழுதியுள்ள நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிட்டு, படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் எல்லோருக்கும் பொது, ஆனால் நிபந்தனை அவரவர் உரிமத்தில் உள்ளது.

கெடிலக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் மிக்க நன்றி. மாட்டுக் கொட்டகைச் செய்தியைப் படித்தவுடன் எழுந்துபோய் மகளின் பழைய தோட்டாக்களைப் பார்த்தேன். வெடிப்பு எதுவும் இல்லை, ஆனால் நான்கைந்தில் பச்சை படர்ந்திருக்கிறது. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், சுடப்போவதில்லை. அலமாரியை மாடியில் உள்ள சிறிய அறைக்கு மாற்றிவிடுகிறேன், அங்கே வெள்ளப் பயமும் இல்லை. ஆனால் மாடித் தளம் இந்த எடையைத் தாங்குமா என்ற ஐயம் வருகிறது. பலாப் பலகைகளில் ஓரங்கள் வெளிர் மஞ்சளாகவும் நடு பழுப்பாகவும் இருக்கின்றன, ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் சில துளைகளும் மஞ்சள் மாவும் தென்படுகின்றன. அதை எப்படிக் கையாள்வது?

முந்திரிக்காடு (பண்ருட்டிப் பக்கம்):

பலாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் பகுதிப் பலாவைத்தான் தஞ்சாவூர் வீணைக்கு எடுத்துப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வீணைக்குப் போவது வைரக் கட்டை, வெளிறு அன்று. தானே புயலில் ஒரே இரவில் விழுந்த மரங்கள் கணக்கில் அடங்காதவை. மரம் அறுக்கும் பட்டறைகளில் இடமில்லாமல் பலரும் அடையாளம் பார்க்காமல் வெளிறும் வைரமுமாகச் சேர்த்தே அறுத்துவிட்டார்கள். உங்கள் பலகையும் அப்படி அறுத்ததுதான். நீங்கள் பார்க்கும் வெளிர் மஞ்சள் வெளிறு. அந்தத் துளையும் மாவும் வண்டு துளைத்ததன் அடையாளம். வண்டு வெளிறைத் தின்னும், பழுப்பேறிய வைரத்தை அவ்வளவாகத் தொடாது, கரையானும் அப்படியே.

ஆகவே ஓரத்தில் உள்ள வெளிறை முழுமையாகக் கிழித்து எறிந்துவிடுங்கள், மருந்து அடித்துக் காப்பாற்ற முயல வேண்டாம். பத்தங்குலப் பலகை ஏழங்குலமாகச் சுருங்கும், மனம் வலிக்கும். பிறகு இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி உங்களுக்கு வேண்டிய ஆழத்தைப் பெறலாம். அகலமான ஒற்றைப் பலகையைவிட அது குறைவாகத்தான் வளையும். அறுத்த பலகைகளை அலமாரி நிற்கப்போகும் அதே மாடி அறையில், இடையே சிறு ரீப்பர் வைத்து அடுக்கி, மூன்று வாரம் விட்டுவிட்டு அதன் பிறகு இழைப்புளி போடுங்கள். தோப்புக் கொட்டகையில் காய்ந்த மரம் கான்கிரீட் அறைக்குள் வந்ததும் இன்னொரு முறை அசைந்து கொடுக்கும்.

வில்லியனூர் இழைப்புளி:

பண்ருட்டி நண்பர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. மாடித் தளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 73 கிலோவும் அலமாரியின் சொந்த எடையும் சேர்ந்தால் இரண்டு ஆள் நின்று பேசுவதற்குச் சமம். சுவரோரமாக, அதிலும் கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து வைத்தால் போதும். ஆனால் கால்களின் அடியில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மாடி அறைகளில் தண்ணீர் வழிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். அப்படியே நிறுத்தினால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நடுக்காலின் வேலை கெட்டுவிடும். ஆறு கால்களும் தரையைத் தொடும்வரை மெல்லிய செருகுகட்டை கொடுங்கள்.

கனமான பன்னிரண்டு போர் பெட்டிகளை அடியில் வையுங்கள், மேல்தட்டு பெல்லட்டுக்கு. பெட்டிகளை மேலே வைத்துவிட்டு இரு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் அலமாரி முன்னால் சாயப் பார்க்கும். அதற்காக எப்படியும் பின்பலகை வழியாக இரண்டு 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் சுவரில் இறக்குங்கள், போல்ட்டின் தலை அலமாரியின் உள்ளே இருக்கட்டும். இரும்புப் பெட்டி நண்பர் பயப்படும் நெம்புகோலுக்கும் அதுவே பாதி விடை, தூக்கிக்கொண்டு போக முடியாது. உங்களுடையது செங்கல், சிமென்ட் சுவர் என்றால் ஆங்கர் நன்றாகப் பிடிக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உள்ள சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் ஆங்கர் விரியும்போது காரை உதிர்ந்து குழி பெரிதாகும், அங்கே சுவரை ஊடுருவிப் போகும் நீண்ட போல்ட்டும் மறுபக்கம் ஓர் இரும்புத் தகடும் வேண்டியிருக்கும். கதவு ஓர் அங்குலப் பலகையில் சட்டம் கட்டியதாக இருக்கட்டும். மூடியிருக்கும்போது கீலின் திருகாணி வெளியே தெரியக் கூடாது. கதவின் உள்முகத்தில் ஓர் எவர்சில்வர் தகடு அடித்து அதன்மேல் லீவர் பூட்டைப் பொருத்துங்கள். இறுக மூடிய இரும்புப் பெட்டியாகவும் ஆகாது, உளியை உள்ளே விட்டு மரத்தைப் பிளக்கவும் எளிதாக விடாது.

இரும்புப் பெட்டி:

இரண்டு பூட்டும் சுவரோடு போல்ட்டும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. பழைய கவாத்து ஐயா சொன்ன காற்றுப் புகாத பெட்டி பற்றி நான் யோசிக்கவில்லை. என் வீட்டுப் பெட்டகத்தின் ரப்பர் விளிம்பை இன்று உருவிவிட்டேன்.

கெடிலக்கரை:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். உரிமத்துக்குரிய இடத்தில் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினோம். எங்கள் தெரு ஆசாரியே செய்தார். நடுப்பலகைக்குக் கால் வேண்டும் என்றதும் முதலில் சிரித்தார், பிறகு மேல்தட்டிலிருந்து விரலைத் தொட்டுக்கொண்டே கீழே வந்து காட்டியபோது பேசாமல் இரண்டு கால் கூடுதலாகச் செய்தார். வெளிறைக் கிழித்ததில் எட்டுப் பலகையில் இரண்டு பலகை அளவு போயிற்று. கிழித்த துண்டுகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுவதும் மஞ்சள் மாவு.

அரக்கு மெருகு போட்டு ஐந்து வாரம் திறந்து வைத்திருந்தோம். முதல் இரண்டு வாரம் பசையின் புளிப்பு வாடை இருந்தது, பிறகு பலாவுக்கே உரிய மெல்லிய வாடை மட்டும் நின்றது. எடை முழுவதையும் ஏற்றி, ஒவ்வொரு தட்டின் அடியிலும் நூல் கட்டி இழுத்துப் பார்த்தேன். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் அஞ்சலட்டை ஒன்று நுழையவில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கடந்து நேற்று மீண்டும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. ஈரக்காற்றில் வலக்கதவு மட்டும் சற்று உப்பி நிலையில் உரசுகிறது, ஆசாரி தை பிறந்ததும் அரை நூல் இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதே இழைத்தால் கோடையில் சந்து விழும் என்கிறார், அது சரிதானா?

வில்லியனூர் இழைப்புளி:

சரிதான். மாசி வரையே பொறுங்கள். அதுவரை கதவின் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து விடுங்கள்.